பற்று: பூஜ்யம்

செண்பகவல்லியை ஆல்வேரா நாடு இரண்டாவது முறையாக நிராகரித்ததற்குக் காரணம், அவள் ஒரு தையல்காரரிடம் மரியாதையாக நடந்துகொண்டதுதான்.

மதுரை பைபாஸ் சாலையில் இருந்த ஆல்வேரா கிளை அலுவலகத்தில், மதிப்பீட்டு அதிகாரி மெய்யப்பன் திரையைப் பார்த்து வாசித்தார். ரேஷன் கடையில் பாமாயில் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல்.

"தையல்காரர் ஒருத்தர்கிட்ட, திரும்பி வர்றதா உறுதி குடுத்திருக்கீங்க. மளிகைக் கடைக்காரர்கிட்ட, பல தடவை. பல் டாக்டர்கிட்ட. அப்புறம் லிஃப்ட்ல, பேர் தெரியாத ஒரு அம்மாகிட்ட."

"நானா? என்னன்னு?"

"போயிட்டு வர்றேன்னு."

செண்பகவல்லி அவரையே பார்த்தாள். "சார், நீங்க தமிழ்தானே?"

"காரைக்குடி."

"அப்ப உங்களுக்குத் தெரியாதா? அது ஒரு பேச்சுக்குச் சொல்றது."

"எனக்குத் தெரியும்மா. மெஷினுக்குத் தெரியாது. மெஷின் சொல்றதை வாசிக்கத்தான் எனக்குச் சம்பளம்."

ஆல்வேரா தென்கடலில் இருக்கும் ஒரு தீவு. மதுரையில் பள்ளிக்கூடங்களை விடிவதற்கு முன் நடத்தி, வெயில் ஏறுவதற்குள் பிள்ளைகளை வீட்டுக்கு விரட்டிக் கொண்டிருந்த அந்த வருடங்களில், அங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பகலில் விளையாடினார்கள். இது ஒன்று போதாதா? ஊரே விசாவுக்கு நின்றது.

தீவுக்கும் ஆட்கள் வேண்டும். அங்கே பிள்ளை பெற்றுக்கொள்ள யாருக்கும் பொழுதில்லை. ஆனால் முன்பு வந்தவர்கள் மேல் அதற்குத் தீராத வருத்தம். வந்தார்கள், படித்தார்கள், சம்பாதித்தார்கள், ஊரில் மொட்டை மாடி வைத்து வீடு கட்டித் திரும்பிப் போனார்கள். மற்ற நாடுகள் விசா கேட்டு வருகிறவனிடம், 'ஒழுங்காகத் திரும்பிப் போய்விடுவாயா?' என்று கேட்டுக் கொண்டிருந்தபோது, ஆல்வேரா கேள்வியைத் திருப்பிப் போட்டது. 'திரும்பிப் போகவே மாட்டாய் அல்லவா?'

வாயால் கேட்டால் எவனும் மாட்டேன் என்றுதான் சொல்வான். அதனால் பற்றுமானி வந்தது. மிளகு அளவு மணி. காதுக்குப் பின்னால் ஒட்டிவிடுவார்கள். ஒரு மாதம் அது நீங்கள் பேசுவதையெல்லாம் கேட்கும். சொல்லின் பொருளையும், அதைச் சொல்லும்போது தொண்டையில் ஓடும் நடுக்கத்தையும் சேர்த்துப் படிக்கும். திரும்பி வருவேன் என்ற சொல், அதை மெய்யாக்கும் நடுக்கம், இரண்டும் சேர்ந்தால் பற்று. பற்று பூஜ்யமாக இருந்தால்தான் நிலைக்குடி அனுமதி.

தமிழர்கள் கூண்டோடு தோற்றார்கள். வேறு சில மொழிக்காரர்களும் தோற்றார்கள். அவர்கள் கதை அவர்கள் பத்திரிகைகளில் வரும். இது வெறும் உபசாரச் சொல் என்று சங்கம் கூடி ஆல்வேராவுக்கு எழுதிப் பார்த்தார்கள். 'பொருள் இல்லாத ஒரு வாக்கியத்தை ஒரு சமூகம் முழுவதும் தினமும் சொல்லிக்கொண்டிருக்காது' என்று பதில் வந்தது. சங்கத்தில் அதற்கு மறுமொழி எழுதத் தெரிந்தவர் யாரும் இல்லை.

"மூணாவது தடவையும் இப்படி ஆச்சுன்னா?" என்று கேட்டாள்.

"கதவு சாத்தியாச்சு. அப்புறம் எப்பவும் விண்ணப்பிக்க முடியாது."

செண்பகவல்லிக்குக் குளிரோ ஸ்வெட்டரோ பெரிதில்லை. அவள் மகள் ஆதினி அங்கே இருந்தாள். ஆறு வயது. கணவன் நிவேதன் முதல் முயற்சியிலேயே பூஜ்யம் எடுத்தவன். பயிற்சி கிடையாது, ஒன்றும் கிடையாது. அன்றைக்குத் தெரு முழுக்க அல்வா கொடுத்தார்கள். என்ன மன உறுதி என்று பேசிக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பற்றுமானி இல்லை என்பதால், பள்ளி திறக்கிறது என்று ஆதினியைக் கையோடு கூட்டிப் போனான். 'நீ பின்னாலயே வந்துடு' என்றான். ஒரு வருடம் ஓடிவிட்டது.

* * *

கரையேற்றம் விசா பயிற்சியகம் ஒரு பரோட்டாக் கடையின் மாடியில் இருந்தது. நடத்துகிறவர் டாக்டர் மணவாளன். எதில் டாக்டர் என்று கேட்டவர்களை அவர் வகுப்பில் சேர்ப்பதில்லை. பட்டத்தை வழங்கிய பல்கலைக்கழகம் இருந்த தீவு, பாவம், கடலில் மூழ்கிவிட்டது. சரிபார்க்க வழியில்லை.

"எல்லாரும் எழுந்திருங்க. கதவைப் பாருங்க. சொல்லுங்க."

"போறேன்," என்றது வகுப்பு.

"சத்தம் பத்தல."

"போறேன்."

"நடுவரிசை, யாரு அது ராகம் போடறது? கல்யாண வீட்டுல இருந்தா கிளம்புறீங்க? தட்டையாச் சொல்லுங்க. தபால் பெட்டிகிட்ட சொல்ற மாதிரி."

இன்ஜினீயர்களும் நர்சுகளும், ஒரு ஓய்வு பெற்ற தாசில்தாரும், புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்றும் கதவைப் பார்த்துப் போறேன் போறேன் என்று கத்தினார்கள். கீழே பரோட்டா மாஸ்டர், "போய்த் தொலைங்களேன்யா" என்றது மேலே கேட்டது.

மணவாளன் பெரிய ரகசியத்தை அவிழ்க்கிறவர் போலக் குரலைத் தாழ்த்தினார். "வாயைப் பழக்கிடலாம். தொண்டைதான் கஷ்டம். மனுஷ முகத்தைப் பார்த்தா தொண்டை ஈரமாயிடும். அதனால பார்க்காதீங்க. யாரைப் பார்த்தாலும் உயிரில்லாத ஒரு பொருளை நினைங்க. என் சிபாரிசு, கிரைண்டர்."

"எதுக்கு சார் கிரைண்டர்?" என்றார் தாசில்தார்.

"வீட்டுல ஒரு மூலையில இருக்கு. உபயோகமாவும் இருக்கு. அது மேல யாருக்காவது பாசம் இருக்கா?"

தாசில்தார் யோசித்துவிட்டுத் தன் மனைவியைப் பற்றிக் குறித்துக்கொண்டார்.

வகுப்பு முடிந்து இறங்கும்போது வாசலில் இருந்த வரவேற்பாளர் பெண், பழக்கத்தில், "போயிட்டு வாங்க" என்றாள். படிக்கட்டு முழுவதும் அப்படியே உறைந்து நின்றது. காதில் மணி ஒட்டியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். புது மாப்பிள்ளை வாயைக் கையால் அடைத்துக்கொண்டான். பதில் அவன் உதடு வரை வந்துவிட்டிருந்தது. மணவாளன் ஓடி வந்து அந்தப் பெண்ணை அங்கேயே வேலையிலிருந்து நீக்கினார். அவள் பையை எடுத்துக்கொண்டு, "சரி சார், போயிட்டு வர்றேன்" என்றாள்.

செண்பகவல்லி சிரிக்கவில்லை. கிரைண்டரைப் பற்றி யோசித்துக் கொண்டிருந்தாள். நல்ல மாணவி.

* * *

அவள் அப்பா தங்கப்பழம் கோவில்பட்டி டெப்போவில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆல்வேரா என்ற பெயரைக் கேட்ட நாளிலிருந்து அவருக்கு அது கத்தாழை நாடு.

"ஏட்டி, அந்தக் கத்தாழை நாட்டுக்காரனுக்குத் தாய் தகப்பன் கிடையாதா? இல்ல, எல்லாம் செடியில காய்ச்சு வந்தானுவளா?"

"அப்பா, மணி கேட்கும்."

"கேக்கட்டுமே. தமிழ் படிக்கட்டும்."

"அவங்க நாடு. அவங்க சட்டம்."

"நல்ல சட்டம். என் பஸ்ல ஏறினவன்கிட்ட எறங்கவே மாட்டேன்னு எழுதி வாங்கிட்டுத்தான் டிக்கெட் குடுப்பேன்னு சொன்னா, என்னைச் செருப்பால அடிச்சிருப்பானுவ."

மூன்றாவது மணி காதில் ஏறிய வாரம், காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவள் முதல் முறையாகச் சொன்னாள். கதவைப் பார்த்து, தட்டையாக.

"போறேன்."

தங்கப்பழம் பேப்பரை இறக்கினார். முகம் கறுத்தது. "யாரு கத்துக் குடுத்தா உனக்கு? இழவு வீட்டுல கூட இப்படிச் சொல்ல மாட்டாவ."

அவள் கிரைண்டரைப் பார்த்தாள். கிரைண்டருக்கு வழுக்கை விழுந்திருந்தது, மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் நூலால் கட்டியிருந்தது. படி இறங்கினாள்.

மறுநாளிலிருந்து, அவள் கிளம்பும் நேரத்தில் அவர் வீட்டில் இருப்பதில்லை. டெப்போவில் பழைய ஆட்களைப் பார்க்கப் போகிறேன் என்றார். மதுரையில் அவருக்கு எந்த டெப்போவிலும் ஆள் கிடையாது. முக்கு பஸ் நிறுத்தத்தில், கொதிக்கிற தகரத்துக்குக் கீழே, அவள் ஸ்கூட்டர் கடந்து போகிற வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவள் பார்த்தாள். பார்த்ததற்கு அடையாளம் காட்டவில்லை. தொண்டை காய்ந்தே இருந்தது. மணவாளனிடம் சொன்னபோது, பிரமாதம் என்றார்.

அளவெடுக்கும் மாதத்தில் தீவில் இருப்பவர்களோடு பேசக் கூடாது என்பது விதி. ஆதினியின் குரலைக் கேட்காமல் அவள் நாட்களைக் கடித்துத் துப்பினாள். ஒரே ஒரு தடவை ஈரமாகலாம், அங்கே போய் இறங்கியதும் ஆகலாம் என்று சொல்லிக்கொண்டாள். அதையும் மனதுக்குள்தான் சொன்னாள். வாயால் சொன்னால் மணி எடுத்துக்கொள்ளும்.

* * *

மெய்யப்பன் திரையைப் பார்த்தார். அவரது மேஜை மேல் கடிகாரம் போல ஒரு வட்டம், அதில் ஒரு முள், ஒரு சிவப்புக் கோடு. முள் அடியில் படுத்துக் கிடந்தது.

"பூஜ்யம்," என்றார். "வாழ்த்துகள். அப்பாகிட்ட பேசினதுகூட பூஜ்யம். நான் இந்த சீட்டுல உட்கார்ந்து இப்படி ஒரு சுத்தமான கணக்கைப் பார்த்ததில்ல. ஒரே ஒரு தடவை தவிர."

"எப்ப?"

"உங்க வீட்டுக்காரர்."

அவர் சீல் கட்டையைக் கையில் எடுத்தார். எடுத்தவர் வைக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க கிளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். அளவு மாசத்துல சொல்லக் கூடாதுன்னு விதி. இப்ப சொல்லலாம். நிவேதன் ஆல்வேராவுல இல்ல."

"ஊர் மாறிட்டாரா?"

"நாடு மாறிட்டார். அதுக்கும் தெற்கே ஒரு தீவு. இன்னும் கொஞ்சம் குளிராம்."

"ஆதினி?"

"அங்கேயேதான் இருக்கு. இந்த அளவு மாசத்துலதான் ஒரு நாள், பள்ளிக்கூடத்துல விட்டுட்டு அப்படியே ஏர்போர்ட் போயிருக்கார். இப்ப அரசு விடுதியில இருக்கு. அந்த விடுதியில நிறையப் பிள்ளைங்கம்மா."

செண்பகவல்லி நாற்காலியின் விளிம்பைப் பிடித்தாள். குரல் மட்டும் தபால் பெட்டியிடம் பேசுவது போலவே வந்தது. "ஏன்?"

"ஏன்னா அவங்க அந்த மாதிரி ஆட்களைத்தான் தேடித் தேடி எடுத்தாங்க. எதை விட்டுட்டுப் போனாலும் திரும்பிப் பார்க்காத ஆளுங்க. அவங்க ஆல்வேராவையும் திரும்பிப் பார்க்கல. கூட்டம் கூட்டமாக் கிளம்பிட்டு இருக்காங்க. சொல்லிக்கறதுகூட இல்லையாம்."

"தெரிஞ்சுமா இந்த மெஷினை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க?"

"கமிட்டி போட்டாங்க. மெஷின் மேல தப்பில்லைன்னு சொல்லிடுச்சு. சொந்த ஊருக்குத் திரும்பிப் போறவனைத் தடுக்கறதுதான் அதோட வேலை. இவங்க யாரும் சொந்த ஊருக்குப் போகலையே. வேற ஊருக்குல்ல போனாங்க."

அதைச் சொல்லும்போது மெய்யப்பன் முகத்தில் சிரிப்பு இல்லை. மாதம் ஒரு முறையாவது யாரிடமாவது அவர் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

"சீல் வைங்க சார். நான் போய் அவளைக் கூட்டிக்கிறேன்."

"போகலாம். பிள்ளையைத் தர மாட்டாங்க."

"நான் அவ அம்மா."

"பூஜ்யம் எடுத்த அம்மா. இன்னொரு பூஜ்யத்தை நம்பிப் பிள்ளையை ஒப்படைக்கிறது இல்லைன்னு விடுதிக்காரங்க சட்டம் போட்டுட்டாங்க. நீங்க அந்த ஊர்லயே இருக்கலாம். ஞாயித்துக்கிழமை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்க்கலாம்."

"பற்று இருந்துச்சுன்னா?"

"குடுப்பாங்க. ஆனா பற்று இருக்கிற ஆளுக்கு விசா கிடையாது. அதனால பிள்ளையை விமானத்துல ஏத்தி இங்க அனுப்பிடுவாங்க. அதோட கதவு சாத்தியாச்சு, உங்களுக்கும் அதுக்கும் சேர்த்து. அந்தப் பள்ளிக்கூடம், அந்தக் குளிர், எதுவும் இல்ல. இந்த வெயில்ல வளரணும்." அவர் சீல் கட்டையை மேஜை மேல் வைத்தார். "நான் எதையும் செய்யச் சொல்லல. விதியைச் சொல்றேன். சீல் விழுற வரைக்கும் காதுல இருக்கிற மணி கணக்குல சேரும். இன்னொரு விதி, அனுமதி கிடைக்கப் போறவங்க அந்த ஊர்ல இருக்கிற சொந்தத்தோட ஒரு தடவை பேசலாம். பேசறீங்களா?"

"போடுங்க," என்றாள்.

திரையில் ஒரு வெள்ளைச் சுவர் வந்தது. பிறகு சுவருக்கு முன்னால் ஆதினி வந்து நின்றாள். சாம்பல் நிற ஸ்வெட்டர். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. எப்போது விழுந்தது என்று அம்மாவுக்குத் தெரியாது.

"ஆதினி."

"ம்."

"சாப்டியா?"

"பிரெட்டு."

"அப்பா..."

"அப்பா இல்ல."

முள் அசையவில்லை. செண்பகவல்லி ஓரக்கண்ணால் அதைப் பார்த்தாள். வேண்டியது இவ்வளவுதான். இரண்டு முறை அவள் கண்ட அதே தோல்வி, இன்னும் ஒரு முறை. தையல்காரருக்கும் பல் டாக்டருக்கும் வாரி வழங்கியதில் ஒரு சொட்டு.

"கண்ணு, அம்மா போயிட்டு வர்றேன். சரியா? போயிட்டு வர்றேன்."

முள் படுத்துக் கிடந்தது.

மெய்யப்பன் மெதுவாகச் சொன்னார். "பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்கும்மா. தொண்டையில ஒண்ணும் இல்ல."

"போயிட்டு வர்றேன். அம்மா போயிட்டு வர்றேன். வர்றேன்."

எத்தனை முறை சொன்னாலும் அது கதவைப் பார்த்துக் கத்துகிற வகுப்பாகவே இருந்தது. அழப் பார்த்தாள். கண் வறண்டிருந்தது. திரையில் மகளின் முகத்தை உற்றுப் பார்த்தாள், இன்னும் உற்று. ஸ்வெட்டர் போட்ட ஒரு கிரைண்டர் நின்று கொண்டிருந்தது. மணவாளன் வாங்கிய பணத்துக்கு வஞ்சகம் செய்யவில்லை.

ஆதினி அம்மாவை ஒரு விநோதமான டி.வி. நிகழ்ச்சியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அந்தப் பக்கம் எங்கோ மணி அடித்தது. யாரோ ஒரு பெண் புரியாத மொழியில் கூப்பிட்டாள்.

"டைம் முடியப் போகுது," என்றார் மெய்யப்பன்.

பழகிய நாக்கு, கேட்காமலே வேலையைச் செய்தது.

"சரி, போறேன்," என்றாள் செண்பகவல்லி.

ஆதினி தலையைச் சொறிந்தாள். "அப்பாவும் போறேன்னுதான் சொன்னாரு," என்றாள். புகார் சொல்கிற குரல் இல்லை. பிரெட்டு என்று சொன்ன அதே குரல். சொல்லிவிட்டு இன்னும் பலமாகச் சொறிந்தாள். ஒரு பின்னல் காதுக்கு மேலே நட்டுக்கொண்டு நின்றது. இன்னொன்று பிடரியில் அவிழ்ந்து கிடந்தது.

செண்பகவல்லி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"ஏட்டி, யாரு உனக்குத் தலை பின்னுனது?"

"நானே."

"நீயேவா? ஒண்ணு வானத்தைப் பாக்குது, ஒண்ணு பூமியைப் பாக்குது. அத்தனை பெரிய விடுதியில ஒரு பொம்பளைக்குக் கை இல்லையா? எதுக்கு இந்தச் சொறி சொறியுத? பேனா? குனி. தலையைக் காட்டு. கிட்ட வா. இன்னும் கிட்ட. அடிப் பாவி, ஈரும் பேனுமா... எவகிட்ட இருந்து ஒட்டிட்டு வந்த? கையை எடு, புண்ணாகும். சொன்னாக் கேக்க மாட்டியா? இரு, நான் பேன் சீப்பு போட்டு வாரி விடுதேன். இப்ப அழுவாத. நானே அழல, நீ எதுக்கு அழுவுத? வாயை மூடு. பல்லு எப்பம்டி விழுந்துச்சு? அதை எங்க போட்ட?"

"பையில வச்சிருக்கேன்," என்று ஆதினி தேம்பினாள். "உன்கிட்ட காட்ட."

"தொலைச்சிராத. அங்க எங்கயும் போட்டுறாத. நான் பாக்கணும்."

திரை அணைந்தது.

அவள் அணைந்த திரையைப் பார்த்து இன்னும் திட்டிக் கொண்டிருந்தாள். மூக்கு ஒழுகிக் கொண்டிருந்தது. மெய்யப்பன் வட்டத்தைப் பார்த்தார். முள் சிவப்புக் கோட்டை எப்போதோ தாண்டி, அந்தப் பக்கச் சுவரில் முட்டி, இன்னும் போக இடம் கேட்டுத் துடித்துக் கொண்டிருந்தது. திரையில் ஒரு வரி மொழிபெயர்ப்பு வந்தது: 'விண்ணப்பதாரர் ஒரு பல்லைப் பார்க்கத் திரும்பி வருவதாக உறுதி அளித்துள்ளார்.'

அவர் மேஜையைத் திறந்து இன்னொரு சீல் கட்டையை எடுத்து, அழுத்தி வைத்தார். பிறகு எட்டி அவள் காதுக்குப் பின்னால் இருந்த மணியைப் பிய்த்து எடுத்தார்.

"நிராகரிக்கப்பட்டது," என்று வாசித்தார். "மூணாவது தடவை. இனிமே எந்தக் காலத்துலயும் நீங்க ஆல்வேராவுக்கு விண்ணப்பிக்க முடியாது. மைனர் குழந்தை தாயாரிடம் அனுப்பி வைக்கப்படும். அப்பீல் செய்யறதா இருந்தா கீழ இருக்கிற..."

"அப்பீல் கிடக்கட்டும் சார்." செண்பகவல்லி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "மதுரையிலயே எறக்குவாங்களா, இல்ல நான் மெட்ராஸ் போகணுமா?"